திரையை அணைத்துவிட்டுக் கேள்

அன்புத் தம்பிக்கு,

நூலகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை உன்னிடம் வந்ததில் மகிழ்ச்சி. நீ அனுப்பிய முகப்பு மாதிரி அழகாக இருக்கிறது. நிறம் கூட்டுவதற்கு முன் ஒன்று செய். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவு. பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டியதில்லை. பிறகு திரையை அணைத்து, மவுஸை ஒதுக்கிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் உன் தளத்தில் ஒரு புத்தகத்தைத் தேடு.

எனக்கு இதை உணர்த்தியவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். நான் அப்போது வேலை பார்த்த நூலகத்தின் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தும் எழுத்துரு அது. என் கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரிந்ததை அவருடைய கணினி ‘ஜே, கே, பி, ஓ’ என்று படித்தது. “இது என்ன மொழி சார்?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்று தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் யூனிகோடு இருக்கிறது. ஆனாலும் பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்காமலே தாண்டிவிடக்கூடும். தேடல் பெட்டிக்குப் பெயர் கொடுக்காவிட்டால், அதில் என்ன தட்டுவதென்று கேட்பவருக்குப் புரியாது. உன் மாதிரியில் வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து இருக்கிறதே, அதை மாற்று. சாதாரண அளவு எழுத்துக்கு நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. கண்புரை வந்த முதியவர்களும் நம் வாசகர்கள்தானே.

எல்லாவற்றிலும் பெரிய வேலை ஸ்கேன் செய்த பழைய நூல்கள். நமக்குப் பக்கம் பக்கமாகத் தெரிபவை திரைவாசிப்பானுக்கு வெறும் படங்கள். உள்ளே ஒரு சொல்கூட இல்லை. எழுத்துணரி கொண்டு அவற்றை உரையாக்க வேண்டும், பிறகு ஆள் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இலேயே விதி வகுத்துவிட்டார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை உரிமையாகவே சொல்கிறது. ஆகவே, நிதி இல்லை என்று யாராவது தட்டிக்கழித்தால் விட்டுவிடாதே. அதிகம் கேட்கப்படும் நூறு நூல்களிலிருந்து தொடங்கு.

தளம் தயாரானதும், திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன், பார்வையற்ற வாசகர் ஒருவரை அழைத்து உன் பக்கத்தில் உட்காரவை. அவர் தேடட்டும். நீ குறுக்கே பேசாமல் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்