வலிக்காத கட்டி

ஆரணிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது நான் கூட்டிய முதல் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். தவறு என்னுடையது. வைகாசி முகூர்த்தச் சேலைகளுக்காகத் தறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த சித்திரையில் நாள் குறித்திருந்தேன். இடமோ ஆண்களும் நின்று கேட்கிற கோயில் மண்டபம். மார்பகம் என்ற சொல் வந்ததுமே பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதோடு ஒலிபெருக்கியை விட்டேன். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவைப் பிணைக்கிற நாட்களாகப் பார்த்து வீட்டுக்கு வீடு போனேன். தறி நிற்கிற அந்த இரண்டொரு நாளில்தான் நெசவாளி வீட்டுப் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கிறது.

"வலிக்கலையே நர்சம்மா, வலிச்சா காட்டிக்கலாம்." எத்தனை திண்ணைகளில் இதைக் கேட்டிருப்பேன்! குழித்தறியில் உட்கார்ந்து இடுப்பும் முழங்காலும் நோக, அதோடேயே வேலை பார்த்துப் பழகியவர்கள். வலிக்காத ஒன்றை அவர்கள் எப்படி நோய் என்று நம்புவார்கள்? மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பட்டாணி அளவில் தட்டுப்பட்டதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, எலுமிச்சை அளவான பிறகு என்னிடம் காட்டினார் ஒரு அக்கா. வலி வரட்டும் என்று காத்திருந்தாராம். அந்த வீட்டை விட்டு வெளியே வந்து நான் அழுதேன்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் முதலில் இதைத்தான் கேட்பேன்: "பாவுல சின்ன முடிச்சு இருந்தா உங்க விரலுக்குத் தெரியுமா, தெரியாதா?" சிரிப்பார்கள். அதே விரல்தான் என்பேன். மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, மார்பு முழுக்க, அக்குள் வரை தடவிப் பார்க்க வேண்டும். தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிந்தாலும், காம்பு புதிதாக உள்ளிழுத்தாலும், அதிலிருந்து இரத்தம் கசிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். அதைக் கேட்டால்தான் பயம் குறைந்து கிளம்புகிறார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூச்சம் இன்னும் அதிகம். மாதவிலக்கு நின்றபின் இரத்தம் படுவது, உறவுக்குப் பின் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இவற்றைச் சொந்த அக்கா தங்கையிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இங்கே எனக்குக் கைகொடுத்தது திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்திட்டு தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்க்கிற பரிசோதனையை அங்கே கிராமத்துப் பெண்களிடம் செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. "நம்மள மாதிரி பொம்பளைங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம், கூலிவேலைக்குப் போகிற பெண்கள்தான் என்பேன். எந்தச் சுவரொட்டியும் செய்யாததை அந்தப் பதில் செய்தது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்கிறார்கள்.

ஆண்களையும் விடமாட்டேன். கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே தறியில் உட்காருகிறவர்களிடம் மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொல்வேன். நுழையாவிட்டால், அல்லது வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தால், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், நாளைத் தள்ளக்கூடாது.

சீட்டெழுதிக் கையில் கொடுத்தால் போய்விடுவார்கள் என்றும் ஒரு காலத்தில் நம்பினேன். பாதிச் சீட்டு அரிசி டப்பாவிலேயே கிடந்தது. கூலி போய்விடுமே என்ற கவலை, பெரிய ஆஸ்பத்திரியில் எங்கே போய் யாரைக் கேட்பது என்ற மலைப்பு. பிறகு நானே காலை பஸ்ஸில் கூட உட்கார்ந்து, காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். முதல் தடவைக்கு மட்டும்தான் நான் தேவைப்பட்டேன். அடுத்த மாதம், நான் அப்படி அழைத்துப்போன ஒரு அக்காவே பக்கத்துத் தெருப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் பழைய சீட்டையும் மஞ்சள் பைக்குள் வைத்தபடி, எனக்கு முன்பே பஸ் நிலையத்தில் நின்றிருந்தார்.