பழைய ஓட்டு வீட்டுக்குப் பெல்லட் அடுப்பு: தேர்ந்தெடுப்பது எப்படி?

குண்டடம், தாராபுரம், காங்கயம் வட்டாரங்களில் இன்று பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டமும் இதற்குத் துணை செய்தது. ஆனாலும் வெந்நீர் காய்ச்சவும், களி கிண்டவும், மாட்டுக்குத் தீனி வேகவைக்கவும் பலரும் விறகடுப்பையே நம்பியிருக்கிறார்கள். சிலிண்டர் விலை ஏறும்போது எரிவாயுவைச் சிக்கனம் செய்ய எண்ணுவதும் இயல்பே. இந்நிலையில், "புகையில்லாமல் எரியும் பெல்லட் அடுப்பு ஒன்று வாங்கலாமா? எங்கள் பழைய வீட்டுக்கு அது ஒத்து வருமா?" என்ற கேள்வி எழுகிறது. அடுப்பு சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் என்றாலும், தவறான அடுப்பை வாங்கினால் பணம் மட்டுமன்றி, அதன்முன் உட்காரும் பெண்களின் நுரையீரலும் பாதிக்கப்படும். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே ஆராய்ந்து வாங்குதல் நலம்.

பெல்லட் அடுப்பு என்றால் என்ன?

நிலக்கடலைத் தோல், மரத்தூள், பயிர்க்கழிவு ஆகியவற்றைப் பொடித்து, ஈரம் போக உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்த சிறு உருளைகளே பெல்லட் ஆகும். பென்சில் பருமனில், 6 முதல் 8 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். மேலை நாடுகளில் பெல்லட் அடுப்பு என்றால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி என்றே பொருள். நமக்கு வேண்டியது சமையலுக்கான அடுப்பு.

இதில் உருளைகளைக் குழிவான எரிகலத்தில் நிரப்பி, மேற்பகுதியில் தீ மூட்ட வேண்டும். தீ மேலிருந்து கீழாக இறங்கும். அடியில் உள்ள சிறு விசிறி காற்றை இரண்டு வழியாகத் தள்ளும். ஒரு பகுதி காற்று உருளைகளின் ஊடே சென்று அவற்றை வாயுவாக மாற்றும். மற்றொரு பகுதி மேலே உள்ள துளைகளின் வழியே வந்து அந்த வாயுவை எரிக்கும். புகையாகப் போக வேண்டியது இவ்வாறு சுடராக எரிவதால் எரிபொருளும் மிச்சமாகும்.

ஊர்ஜா அடுப்பு கற்பித்த பாடம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு, பி.பி. நிறுவனம் 2006-ஆம் ஆண்டையொட்டி "ஊர்ஜா" என்ற பெல்லட் அடுப்பை அறிமுகம் செய்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் விற்பனையாயின. 2009-இல் இத்தொழில் பூனாவைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கைக்கு மாறியது.

அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் மூலப்பொருளான பயிர்க்கழிவின் விலை ஏற, பெல்லட்டின் விலையும் ஏறியது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அது கட்டுப்படியாகவில்லை. நிறுவனம் உணவகம் போன்ற பெரிய வாடிக்கையாளர்களின் பக்கம் திரும்பியது. பெல்லட் கிடைக்காத வீடுகளில் அந்த அடுப்பு பரண்மேல் ஏறியது. அதில் விறகுக் குச்சியைச் செருகி எரிக்க இயலாது என்பதே காரணம்.

நம் பகுதிக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கொதிகலன்களுக்கு விறகும், அழுத்திய பயிர்க்கழிவுக் கட்டிகளும் ஏராளமாகத் தேவைப்படுகின்றன. லாரிக் கணக்கில் வாங்குபவரோடு மூட்டைக் கணக்கில் வாங்குபவர் போட்டியிட முடியாது. ஆகவே, "ஆண்டு முழுவதும் எனக்கு யார், என்ன விலைக்குப் பெல்லட் தருவார்?" என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே அடுப்பைப் பற்றி நினைக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் உள்ள எரிபொருள்

பெல்லட்டை விலைக்கு வாங்குமுன் கையிருப்பைக் கணக்கெடுங்கள்.

1. மக்காச்சோளம்: 100 கிலோ மணிக்குச் சுமார் 20 கிலோ சக்கை கிடைக்கும். நன்கு காய்ந்த சக்கை சிறந்த எரிபொருள்.

2. தென்னை: ஏக்கருக்கு 70 மரம் என்றால், மரத்துக்கு ஆண்டுக்கு 12 மட்டை வீதம் 840 மட்டைகள் விழும். பாளையும் கொட்டாங்குச்சியும் தனி.

3. வெள்வேல், சீமைக்கருவேல்: கொறங்காட்டு வெள்வேல மரங்களைக் கவாத்து செய்யும் கிளைகள் போதும்; மரத்தை வெட்ட வேண்டாம். சீமைக்கருவேலை வேரோடு எடுத்து எரிப்பது நிலத்துக்கும் நன்மை.

4. பருத்திமார்: நல்ல விறகுதான். ஆனால் வெடிக்காத காய்களோடு அடுக்கி வைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதனுள் தங்கி அடுத்த பயிரைத் தாக்கும். காய்களைப் பறித்து அழித்துவிட்டு, மாரை அடுத்த விதைப்புக்கு முன்பே எரித்துத் தீர்த்துவிட வேண்டும்.

சோளத்தட்டு மாட்டுக்கு உரியது. சாணம் நிலத்துக்கு உரியது. இவ்விரண்டையும் அடுப்புக்குக் கொடுப்பது நட்டம். பனியன் கழிவுத் துணியால் அடுப்பைப் பற்றவைக்கும் பழக்கமும் கூடாது. அதில் கலந்துள்ள செயற்கை இழையும் சாயமும் எரிந்து நச்சுப்புகை தரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 1,55,000 கிலோ கலோரி வெப்பம் உள்ளது. அதில் 60 விழுக்காடு பாத்திரத்தில் ஏறுவதாகக் கொண்டால், பயன்படுவது சுமார் 93,000 கிலோ கலோரி. இதே அளவு சமைக்கத் தேவைப்படுவது:

பெல்லட் (கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி, 30 விழுக்காடு திறன்): சுமார் 80 கிலோ.

திறந்த அடுப்பில் விறகு (கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி, 12 விழுக்காடு திறன்): சுமார் 220 கிலோ.

உங்கள் ஊரில் ஒரு கிலோ பெல்லட்டின் விலையை 80-ஆல் பெருக்குங்கள். வண்டி வாடகையையும் சேருங்கள். வரும் தொகை சிலிண்டர் விலையைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் மட்டுமே பெல்லட் கட்டும். விலை கொடுத்து வாங்காத தோட்டத்து விறகை எரிப்பவருக்குப் பெல்லட்டில் பணச் சேமிப்பு இல்லை. அவருக்கு வேண்டியது அதே விறகைக் குறைவாக, புகையின்றி எரிக்கும் அடுப்பே.

பழைய வீட்டில் கவனிக்க வேண்டியவை

நாட்டு ஓடு வேய்ந்த தொட்டிக்கட்டு வீட்டிலும், தோட்டத்துச் சாளையிலும் அடுப்படி தாழ்வாகவும் சன்னல் சிறிதாகவும் இருக்கும். ஓட்டின் இடுக்கு வழியே புகை போய்விடும் என்று அன்று கட்டினார்கள். இன்று பலர் ஓட்டுக்கு அடியில் தகடோ பலகையோ அடித்துவிட்டார்கள். புகை போக வழியில்லை.

பெல்லட் அடுப்பில் புகை குறைவே தவிர, அறவே இல்லாமல் இல்லை. மூட்டும்போதும் அணையும்போதும் புகை வரும். கடைசியில் மிஞ்சும் தணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு வெளிப்படும். ஆகவே தாழ்வாரத்திலோ, எதிரெதிர்ச் சன்னல் உள்ள அறையிலோதான் அடுப்பை வைக்க வேண்டும். கதவடைத்த அறையில் தணலோடு அடுப்பை வைத்துத் தூங்குதல் உயிருக்கு ஆபத்து.

புகைபோக்கி வைப்பதானால் 4 அங்குலத்துக்குக் குறையாத விட்டம் வேண்டும். ஓட்டின் உச்சிக்கு மேல் 2 அடி உயர வேண்டும். நம் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று புகையைக் கீழே தள்ளும். எனவே குழாயின் தலையில் மூடி அவசியம். கைமரத்தையும் ரீப்பரையும் குழாய் தொடாதபடி இடைவெளி விட்டு, தகட்டால் மறைக்க வேண்டும். கூரையில் படிந்த கரியை முதலில் தட்டி எடுக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றும்.

"புகை நின்றால் கைமரம் உளுத்துப் போகும், பரணில் கட்டிய விதைக்கருதில் வண்டு விழும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை உண்டு. புகை பூச்சியை விரட்டும். ஆனால் மரத்தைக் காக்க மருந்துப் பூச்சு உண்டு. விதையைக் காக்க நன்கு உலர்த்திக் காற்றுப் புகாத கலனில் வைக்கும் முறை உண்டு. புகையால் கெட்ட நுரையீரலுக்கு மாற்று இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. தரச்சான்று: இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13152 (2013) படி, விசிறி உள்ள அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 35 விழுக்காடும், விசிறி இல்லாததன் திறன் 25 விழுக்காடும் இருக்க வேண்டும். இது ஆய்வுக்கூட அளவு. வீட்டில் சற்றுக் குறையும். சோதனைச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

2. எரிகலம்: துருப்பிடிக்காத எஃகு அல்லது சுட்ட பீங்கான் உட்பூச்சு வேண்டும். சாதாரணத் தகடு விரைவில் பொத்துப் போகும்.

3. விசிறி: மின்சாரம் இல்லாத நேரத்தில் மின்கலத்தில் எவ்வளவு நேரம் ஓடும்? விசிறியும் மின்கலமும் தனியே தாராபுரத்திலோ பல்லடத்திலோ கிடைக்குமா? கிடைக்காவிட்டால் வாங்க வேண்டாம்.

4. உறுதி: களி கிண்டும்போது அடுப்பு ஆடக்கூடாது. உங்கள் வீட்டுப் பெரிய பாத்திரத்தை எடுத்துச் சென்று வைத்துப் பாருங்கள்.

5. எரியும் நேரம்: ஒருமுறை நிரப்பினால் எவ்வளவு நேரம் எரியும்? பல அடுப்புகளில் நடுவில் பெல்லட் சேர்த்தால் புகையும்.

6. மாற்று எரிபொருள்: பெல்லட் கிடைக்காத நாளில் சிறு குச்சி, மக்காச்சோளச் சக்கை எரியுமா?

கடையிலேயே ஒரு சோதனை

5 லிட்டர் தண்ணீரை மூடிய பாத்திரத்தில் வைத்துக் கொதிக்க விடுங்கள். எரிபொருளை முன்னும் பின்னும் எடை போடுங்கள். நல்ல பெல்லட் அடுப்பில் 300 முதல் 350 கிராம் செலவாகும். திறந்த அடுப்பில் இதே வேலைக்கு ஏறக்குறைய 850 கிராம் விறகு ஆகும். பெல்லட் அரைக்கிலோவைத் தாண்டினால் அடுப்போ பெல்லட்டோ தரம் குறைந்தது. பெல்லட்டைக் கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள். "படக்" என்று ஒடிய வேண்டும். பொடிந்து உதிர்ந்தால் ஈரம் ஏறியது என்று பொருள். வாங்கியதை மழைத்தூறல் படாமல், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வையுங்கள்.

எந்த வீட்டுக்கு எது?

பெல்லட் உற்பத்தியாளர் அருகில் இருந்து, விலை கட்டினால் விசிறி வைத்த பெல்லட் அடுப்பு வாங்கலாம். தேநீர்க்கடை, சத்துணவுக்கூடம் போன்று நாள்தோறும் அதிகம் சமைக்கும் இடங்களுக்கும் அது ஏற்றது.

தோட்டத்து விறகு உள்ளவருக்குக் குச்சி எரிக்கும், விசிறி இல்லாத மேம்பட்ட அடுப்போ, புகைபோக்கி வைத்துக் கட்டிய இரட்டைச் சுவர் அடுப்போ போதும். 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. அவற்றில் பல கைவிடப்பட்டதற்குச் சரியாகக் கட்டாததும், புகைக்குழாயைத் துடைக்காததும் முக்கியக் காரணங்கள். மாதம் ஒருமுறை குழாயைத் துடைப்பவருக்கு அந்த அடுப்பு நெடுங்காலம் உழைக்கும்.

சிறுகுழந்தைகளும், இழுப்பு நோய் உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் அன்றாடச் சமையலுக்கு எரிவாயுவே உகந்தது. விறகு வேலை புறக்கடையில் நடக்கட்டும்.

முடிவாக ஒன்று. அடுப்பு வாங்கும் நாளில் அதில் சமைக்கப் போகும் வீட்டுப் பெண்களையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். உயரம், வாய் அகலம், தீயின் வேகம் ஆகியவற்றை அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பணத்தைக் கொடுங்கள். மிஞ்சும் சாம்பலை வீணாக்காமல் தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் இடுங்கள். அதில் சாம்பல் சத்து உண்டு.