கண்ணாடிக்கு அப்பால் ஒரு சதுரங்கம்

சதுரங்கம் அறியாதார் நம் கல்லூரியில் மிகச் சிலரே. மாணவர் விடுதித் தாழ்வாரத்தில் மாலைதோறும் இரண்டு மூன்று பலகைகளேனும் விரிந்திருக்கக் காண்கிறோம். ஆயினும், ஒரே ஆட்டத்தை இரண்டு பலகைகளின்மீது ஒருங்கே ஆடும் முறை ஒன்று உண்டென்பதை அறிந்தார் அரியர். இரு பலகை என்றவுடன், நால்வர் இருவர் இருவராகப் பிரிந்து, ஒரு பலகையில் வெட்டிய காயை மறுபலகையில் ஆடும் தோழனுக்குக் கொடுத்து ஆடும் ஆட்டத்தைச் சிலர் நினைத்தல் கூடும். யாம் ஈண்டு எழுதப் புகுவது அஃதன்று. இருவரே ஆடுவதும், ஒவ்வொரு காயும் நகருந்தோறும் ஒரு பலகையினின்று மற்றொன்றிற்குத் தாவுவதுமாகிய 'ஆலிஸ் சதுரங்கம்' என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வாட்டத்தை எமக்குக் கற்பித்தவர் முன்னர் எம்முடன் பயின்ற நண்பர் ஒருவர். முதலாண்டின் இறுதியில் அவர்தம் தந்தையார் காலமாகவே, குடும்பச் சுமையைத் தாம் ஏற்று, படிப்பை இடையில் நிறுத்தி, வெளியூரில் ஒரு கடையிற் கணக்கெழுதி வருகிறார். பகற்பொழுது முழுதும் அவருக்கு வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் கைபேசியில் இணையத்தின் வாயிலாக எம்முடன் ஆடுவார். நாளொன்றுக்கு ஒரு நகர்த்தல், ஓய்வுள்ள நாளில் இரண்டு மூன்று. இவ்வாறு சென்ற ஓராண்டாக எம் ஆட்டம் நடைபெற்று வருகின்றது.

ஆட்டம் தோன்றிய வரலாறு

இவ்வாட்டத்தை 1953-ஆம் ஆண்டில் வகுத்தவர் வெர்னன் ரைலண்ட்ஸ் பார்ட்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் 1897-ல் பிறந்து 1974-ல் மறைந்தவர். புதுப்புதுச் சதுரங்கங்களை அமைப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. காலாட்கள் ஒருவருமின்றி, இரு அரசரும் எட்டாம் வரிசையை முந்தி அடைய ஓடும் ஓட்டப்பந்தயச் சதுரங்கத்தையும் 1961-ல் அவரே வகுத்தார்.

ஆலிஸ் என்னும் பெயர் ஒரு சிறுவர் கதையினின்று வந்தது. ஆக்ஸ்போர்டிலுள்ள கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிற் கணிதம் கற்பித்த சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன் (1832–1898) என்பார், லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் 1871-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கதைநூல் வெளியிட்டார். அதில் ஆலிஸ் என்னும் சிறுமி நிலைக்கண்ணாடியின் ஊடே புகுந்து அப்பாலுள்ள நாட்டை அடைகின்றாள். அந்நாடு சதுரங்கப் பலகைபோற் கட்டங்கட்டமாகப் பிரிந்து கிடக்கின்றது. அவள் அங்கே வெள்ளைப் படையின் காலாளாகச் சேர்ந்து, எட்டாம் கட்டத்தை அடைந்து அரசியாகின்றாள். கண்ணாடியின் ஊடே புகுதலாகிய அந்த ஒரு செயலையே பார்ட்டன் எல்லாக் காய்களுக்கும் உரிய விதியாக ஆக்கினார்.

விதிகள்

இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க. முதற்பலகையில் 32 காய்களையும் வழக்கம்போல் நிறுத்துக. இரண்டாம் பலகை வெறுமையாய்க் கிடக்கும். அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, காலாள் ஆகிய அறுவகையினரும் தத்தமக்குரிய பழைய நடையையே உடையர். இங்கே மந்திரி என்றது மூலைவாட்டில் ஓடும் காயை. ஆங்கிலேயர் அதனைப் பிஷப் என்பர். புதியனவாக நாம் கற்கவேண்டிய விதிகள் நான்கே.

முதலாவது, ஒரு காய் தான் நிற்கும் பலகையில் முறைப்படி நகர்ந்தவுடன், மறுபலகையில் அதற்கு நேரான கட்டத்திற்கு மாறும். நகர்தலும் மாறுதலும் சேர்ந்தே ஒரு நகர்த்தலாகும்.

இரண்டாவது, மாறிச் சேரவேண்டிய அம்மறுபலகைக் கட்டம் காலியாயிருத்தல் வேண்டும். அங்கே வேறு காய் நிற்குமாயின் அந்நகர்த்தல் செல்லாது.

மூன்றாவது, ஒரு காய் தான் நிற்கும் பலகையிலுள்ள பகைக்காயையே வெட்டலாம். வெட்டப்பட்டது ஆட்டத்தை விட்டு நீங்கும். வெட்டியது மறுபலகைக்கு மாறும்.

நான்காவது, அரசன் கால்வைக்கும் கட்டம் அவன் புறப்படும் பலகையிலும் பகைவரின் தாக்குதலுக்கு உட்படாததாயிருத்தல் வேண்டும். மாறிச் சேர்ந்த பலகையிலும் உட்படாததாயிருத்தல் வேண்டும். அரசனுக்கு ஆபத்து இரட்டை என்க.

இவற்றினின்று ஓர் உண்மை தானே பெறப்படும். முதற்பலகையின் ஒரு கட்டமும் இரண்டாம் பலகையில் அதற்கு நேரான கட்டமும் ஒரே காலத்தில் நிரம்பியிருத்தல் இல்லை. ஆதலால் பலகை ஒன்றே உடையவரும் இதனை ஆடலாம். இரண்டாம் பலகையில் இருப்பனவாகக் கருதப்படும் காய்களின் அடியில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்தால் போதும். யாமும் விடுதியில் இம்முறையால் இருவருக்குக் கற்பித்துள்ளோம்.

மூன்றே நகர்த்தலில் முடிந்த ஆட்டம்

எம் முதலாட்டம் எவ்வாறு முடிந்தது என்பதை மறையாது கூறுதல் கற்போர்க்குப் பயன்படும். கட்டங்களைச் சுட்டுதற்பொருட்டு, வெள்ளையின் இடப்புறத்திலிருந்து எட்டு நெடுவரிசைகளுக்கும் அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று முறையே பெயரிட்டு, குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுவோம். வெள்ளை அரசன் நிற்பது உ1. கறுப்பு அரசன் நிற்பது உ8. நண்பர் வெள்ளை, யாம் கறுப்பு.

அவர் அரசன் முன் நின்ற காலாளை உ2-லிருந்து உ4-க்கு நகர்த்தினார். அஃது இரண்டாம் பலகையின் உ4-ஐ அடைந்தது. யாம் ஈ7-லிருந்த காலாளை ஈ5-க்கு நகர்த்தினோம். அதுவும் இரண்டாம் பலகைக்குச் சென்றது. அவர் ஊ1-லிருந்த மந்திரியை உ2-க்கு நகர்த்த, அவன் இரண்டாம் பலகையின் உ2-ல் நின்றான். இரண்டாம் பலகையில் எம் காலாளின் எதிரே அவர்தம் காலாள் வெட்டுதற்கு எளிதாய் நிற்கக் கண்டோம். காவலற்ற காலாள் என மகிழ்ந்து வெட்டினோம். எம் காலாள் முதற்பலகையின் உ4-க்குத் திரும்பினான். அவ்வளவில், இரண்டாம் பலகையிலிருந்த வெள்ளை மந்திரி உ2-லிருந்து ஆ5-க்கு ஓடி, அங்கிருந்து முதற்பலகையின் ஆ5-க்கு மாறினான். இ6, ஈ7 என்னும் கட்டங்கள் இரண்டும் காலியாயிருந்தமையால் அவன் பார்வை நேரே எம் அரசன்மேற் சென்றது. 'செக்' என்னும் முற்றுகை நேர்ந்தது.

யாம் சிறிதும் கலங்கவில்லை. இடையில் ஒரு காயை நிறுத்துவோம் என எண்ணி, இ7-லிருந்த காலாளை இ6-க்குத் தள்ளினோம், கைபேசி ஏற்கவில்லை. குதிரையை இ6-ல் வைக்க முயன்றோம், ஏற்கவில்லை. மந்திரியை ஈ7-ல் வைத்தோம், அதுவும் செல்லவில்லை. கருவியிற் பிழையென்று நண்பருக்கு எழுதினோம். அவர் விடுத்த மறுமொழி இதுவே: "பிழை கருவியில் இல்லை. நீ இடையில் நிறுத்துகிறவன் அங்கே நிற்கவா போகிறான்? நகர்ந்தவுடன் மறுபலகைக்குப் போய்விடுவான். அங்கிருந்து இங்கே வருவதற்கு உனக்கு யார் இருக்கிறார்கள்?"

ஒருவரும் இல்லை. மறுபலகையில் இருந்த எம் காலாள் ஒருவனே. அவனையும் ஒரு காலாளை வெட்டும் ஆசையால் அப்போதுதான் திருப்பி அழைத்திருந்தோம். ஈ7-க்கு அரசன் ஓடலாமெனின், அஃது அம்மந்திரியின் வழியிலேயே உள்ள கட்டம். மற்றக் கட்டங்களில் எம் வீரரே நெருங்கி நின்றனர். அரசனைச் சுற்றிப் பதினைவர் நின்றும் அவனைக் காப்பார் ஒருவரும் இலராயினர்.

காவல் என்பது யாது?

இத்தோல்வியால் யாம் கற்றது, ஆலிஸ் சதுரங்கத்திற் காவல் என்னும் சொல்லின் பொருளே வேறு என்பது. பழைய சதுரங்கத்தில் எம் குதிரையை ஒரு காலாள் காத்து நிற்பானாயின், குதிரையை வெட்டுவோன் அக்காலாளால் வெட்டப்படுவான். இங்கே அவ்வாறன்று. எம் குதிரை முதற்பலகையின் உ5-லும், காலாள் அதே பலகையின் ஈ4-லும் நிற்பதாகக் கொள்வோம். ஈ6-ல் நிற்கும் பகை மந்திரி குதிரையை வெட்டுகின்றான்; வெட்டியவுடன் இரண்டாம் பலகையின் உ5-க்குச் சென்றுவிடுகின்றான். எம் காலாள் வெறுங்கட்டத்தைப் பார்த்து நிற்பான். அதே காலாள் இரண்டாம் பலகையின் ஈ4-ல் நின்றிருந்தால், வந்து சேர்ந்த மந்திரியை அக்கணமே வெட்டியிருப்பான். ஆதலின் ஒரு காயைக் காப்பது அதன் அருகில் நிற்கும் தோழன் அல்லன். மறுபலகையில் நின்று அக்கட்டத்தை நோக்குபவனே.

முற்றுகையைத் தடுத்தலும் இவ்வாறே. முதற்பலகையில் அரசனுக்கு முற்றுகை நேருங்கால், இடையிற் புகுந்து மறைக்க வல்லவன் இரண்டாம் பலகையிலிருந்து மாறி வருபவன் ஒருவனே. பழைய ஆட்டத்தில் தேர்ந்தவர் இவ்வாட்டத்தில் முதலில் எளிதில் தோற்றற்குக் காரணமும் இதுவே. அவர்தம் கண் ஒரு பலகையை நோக்கியே பழகியது. நெருங்கி நிற்பதைக் காவலென்று நம்புவது. அப்பழக்கத்தை விடுதற்கு எமக்குப் பத்து ஆட்டங்களுக்கு மேல் வேண்டியிருந்தன.

காய்களின் இயல்பு

காய்களின் தன்மையிலும் வியக்கத்தக்க சில வேறுபாடுகள் உள. குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும் என்பது யாவரும் அறிந்ததே. இங்கே அது பலகையையும் உடன் மாற்றுகின்றது. எனவே எ1-ல் தொடங்கும் வெள்ளைக் குதிரை, முதற்பலகையில் எஞ்ஞான்றும் கருநிறக் கட்டங்களிலும், இரண்டாம் பலகையில் எஞ்ஞான்றும் வெண்ணிறக் கட்டங்களிலுமே நிற்கும். இரு பலகைகளிலும் உள்ள 128 கட்டங்களில் 64 மட்டுமே அதற்குரியன. எத்துணைக் காலம் ஓடினும் மற்றைய 64-ல் அது கால்வைத்தல் இயலாது. மந்திரிக்கும் 64 கட்டங்களே. ஆயின் இரு பலகைகளிலும் ஒரே நிறத்தன.

காலாளின் நிலை இன்னும் நுண்ணியது. அவன் முதலடியில் ஒரு கட்டம் வைக்கலாம், இரு கட்டமும் வைக்கலாம். இரண்டு வைத்தால் எட்டாம் வரிசையை அடைய ஐந்து நகர்த்தல்கள். அவன் அரசியாகி எழுவது இரண்டாம் பலகையில். ஒன்று வைத்தால் ஆறு நகர்த்தல்கள், அரசியாவது முதற்பலகையில். இடையில் எத்தனை காய்களை வெட்டினும், ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு வரிசையே முன்னேறுதலால், இக்கணக்கு மாறாது. இறுதியில் எப்பலகையில் முடிசூடுவான் என்பது அவன் முதலடியிலேயே உறுதியாகிவிடுகின்றது. ஆகவே காலாளை நகர்த்துமுன், அரசியின் துணை எப்பலகையில் வேண்டப்படும் என்பதை ஆராய்ந்தே நகர்த்துதல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாட்டத்தை இத்துணை விரித்தெழுதியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நண்பர் கல்லூரியை விட்டுச் சென்றபொழுது, அவர்க்கு யாம் செய்யத்தக்கது இனி ஒன்றுமில்லை என்றே எண்ணினோம். அருகிலிருந்தால் உதவலாம், தொலைவிலிருப்பவனுக்கு என்ன செய்வது என வாளாவிருந்தோம். ஆட்டத்திற் கற்ற பாடம் அவ்வெண்ணத்தை வெட்கப்படச் செய்தது. தொலைநிலைக் கல்வியின் வாயிலாகப் பட்டத் தேர்வெழுத விரும்புவதாக அவர் சில திங்களுக்கு முன் எழுதினார். அன்று தொட்டு, இரவுதோறும் எம் நகர்த்தலுடன் அன்றைய வகுப்புக் குறிப்பின் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பி வருகிறோம். இலக்கணப் பகுதியில் யாம் பிழைபட எழுதிய இடங்களை அவர் திருத்தி அனுப்புதலும் உண்டு. சென்ற தேர்வில் யாம் பெற்ற மதிப்பெண்ணில் ஒரு பங்கு அவருக்குரியது.

ஆட்டத்தில் இன்னும் அவரே மிகுதியாக வெல்கிறார். இப்போது நடைபெறும் ஆட்டத்தில் எம் யானை முதற்பலகையில் தனித்து நிற்கின்றது. அதனைக் காக்கும் மந்திரி இரண்டாம் பலகையில் உள்ளான். இதனை அவர் கண்டாரோ, காணவில்லையோ, இன்றிரவு தெரியும். இவ்வாட்டத்தைக் கற்க விரும்பும் மாணவ நண்பர்கள் ஒரு பலகையும் சில பொத்தான்களும் கொண்டு மாலையில் விடுதித் தாழ்வாரத்திற்கு வருவாராக. மூன்று நகர்த்தலில் தோற்பதெப்படி என்பதிலிருந்து தொடங்குவோம்.