முயல்களின் கல்யாணம்

கேள்வி: வெவ்வேறு விலங்குகள் நட்பாக இருக்கும் படக்கதைகளைப் படித்தால் குழந்தைகளுக்குச் சகிப்புத்தன்மை வருமா?

பதில்: வந்தே தீரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கதைகளுக்கு வலு உண்டு. பெரியவர்களே இவற்றைக் கண்டு பயந்திருக்கிறார்கள்!

1958இல் அமெரிக்க ஓவியர் கார்த் வில்லியம்ஸ் 'முயல்களின் கல்யாணம்' என்ற படப்புத்தகத்தை வெளியிட்டார். ஒரு வெள்ளை முயலும் ஒரு கறுப்பு முயலும் காட்டில் விளையாடுகின்றன, பிறகு மணந்துகொள்கின்றன. அவ்வளவுதான் கதை. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணப்பதைச் சட்டமே தடுத்திருந்த அலபாமா மாநிலத்தில், 1959இல் இந்தப் புத்தகத்துக்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்தது. மாநில நூலக சேவையின் தலைவர் எமிலி ரீட் அதை விலக்க மறுத்தார். பொது அலமாரியிலிருந்து தனி அலமாரிக்கு மாற்றினாரே தவிர, கேட்ட நூலகங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையாரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

புத்தகம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புலி புல் தின்னப் பழகிய பிறகுதான் மானோடு சேரலாம் என்கிற கதை வேண்டாம். நம் பஞ்சதந்திரத்தில் காகமும் எலியும் ஆமையும் மானும் அவரவர் இயல்போடுதான் நண்பர்கள். மான் வலையில் சிக்கினால் காகம் பறந்து தேடுகிறது, எலி கடித்து அறுக்கிறது. யாரும் யாரைப் போலவும் மாற வேண்டியதில்லை.

இப்படி ஒரு கதையைப் படித்து முடித்ததும் நீதி சொல்லாதீர்கள். "மெதுவாக நடக்கும் ஆமையை மற்றவர்கள் ஏன் நண்பனாக வைத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டுவிட்டு, குழந்தையைப் பேச விடுங்கள்.