கடலோரத்தில் தயம்மும் கூடுமா?

கோவை உக்கடம், கோட்டைமேடு பகுதிகளைச் சேர்ந்த வாலிபர்கள் விடுமுறை நாட்களில் கூட்டாகச் சேர்ந்து தூரத்துக் கடற்கரைகளுக்குச் சென்று, கூடாரமடித்துத் தங்கி வருகிறார்கள். ஒழுங்குடன் நடந்தால் இதில் குற்றமொன்றுமில்லை. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி குர்ஆனே பல இடங்களில் ஏவியிருக்கிறது.

அப்படித் திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு பக்கத்துக் கரையில் இரண்டு நாள் தங்கித் திரும்பிய சிலர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார்கள். அந்தப் பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் கடல், உள்ளே போனால் தேரிக்காடு. செம்மணல் மேடுகளும் பனையும் உடைமரமுமாகப் பாலைவனம் போலவே இருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் மணல் இடம்விட்டு இடம் நகரும். குடிநீர் எளிதில் கிடைக்காது. இவர்கள் கொண்டு போனதோ இரண்டு கேன் தண்ணீர். அதைக் குடிப்பதற்கென்று வைத்துக்கொண்டு, சனிக்கிழமை லுஹர் முதல் ஞாயிறு சுப்ஹு வரை ஐந்து நேரத் தொழுகைகளையும் கரையிலேயே தயம்மும் செய்து, ஜமாஅத்தாகத் தொழுதிருக்கிறார்கள். "அவை கூடுமா?" என்பது கேள்வி.

கூடாது. தொழுகையை விடாமல் பேணிய அவர்களுடைய ஆர்வத்தை மெச்சுகிறோம். ஆனால் அந்த ஐந்தையும் களாச் செய்தே ஆக வேண்டும். தண்ணீர் கிடைக்காதபோதுதான் தயம்மும் என்று குர்ஆன் நிபந்தனை வைத்திருக்கிறது. அவர்களுக்கு முன்னால் கிடந்ததோ ஒரு சமுத்திரம்!

உப்பு நீரில் ஒளு நிறைவேறாது என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு, உப்புக் கரித்தால் அது தண்ணீராகவே தோன்றுவதில்லை. இதே சந்தேகம் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே எழுந்தது. ஒருவர் வந்து, "நாங்கள் கடலில் பயணம் செய்கிறோம், கொஞ்சம் தண்ணீர்தான் எடுத்துச் செல்கிறோம், அதில் ஒளுச் செய்தால் தாகத்தில் தவிப்போம், கடல் நீரில் ஒளுச் செய்யலாமா?" என்ற கருத்தில் கேட்டார். கடல் நீர் சுத்தமாக்கக் கூடியது என்றும், அதில் செத்தது ஹலால் என்றும் நபியவர்கள் விடையளித்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. நம் வாலிபர்களின் நிலைமையும் அச்சொட்டாக அதுதானே! ஆகவே கேன் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டது சரி. கடலில் ஒளுச் செய்யாமல் விட்டதுதான் பிழை. ஒளு மட்டுமல்ல, கடமையான குளிப்பும் கடல் நீரில் நிறைவேறும்.

அலைக்குப் பயந்தோம் என்றும் ஒருவர் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்ற உண்மையான அச்சமிருந்து, வேறு வழியும் இல்லையென்றால் தயம்முமுக்கு இடமுண்டு. ஆனால் கடலில் இறங்க வேண்டியதே இல்லை. கணுக்காலளவு நீரில் நின்று ஒரு செம்பு மொண்டால் போதும். கோழியும் கரியும் அடுப்பும் ஏற்றிப் போகத் தெரிந்தவர்களுக்கு ஒரு செம்பு எடுத்துப் போகத் தோன்றவில்லை!

கரையை விட்டு வெகுதூரம் உள்ளே சென்று தேரியின் நடுவே தங்கினால் விஷயம் வேறு. ஹனஃபி மத்ஹபில், தண்ணீர் ஒரு மைலுக்கு (ஏறத்தாழ 1.8 கி.மீ.) அப்பாலிருந்தால் தயம்மும் செய்யலாம், மணலிலும் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் கையில் ஒட்டும் புழுதி இருக்க வேண்டும். அலை கழுவிய வெறும் மணல் போதாது. நம் கொங்கு நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலோ ஷாஃபிஈகள் மிகுதி. இரு சாராரும் சேர்ந்து போகிற கூட்டத்தில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "இருவருக்கும் பொதுவாக" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஜம்உவிலும் இதே வேறுபாடுதான். பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈகளுக்கு அனுமதியுண்டு. ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் இல்லை. அந்தந்த வக்தில்தான் தொழ வேண்டும். கஸ்ரைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். நம் உலமாக்கள் கூறும் எல்லை 48 மைல், அதாவது சுமார் 77 கி.மீ.; கோவையிலிருந்து அந்தக் கரை அதைப்போல் பல மடங்கு.

கிப்லாவையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கரையில் கடல் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கிறது. கிப்லாவோ மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 24 பாகை சாய்ந்தது. எனவே கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். கடலழகைப் பார்த்தபடி கூடாரத்தின் வாயிலை அமைத்துவிட்டு, அதே திசையில் தொழுகை விரிப்பையும் போட்டுவிடக் கூடாது.

இனி களாவுக்கு வருவோம். பயணத்தில் தவறிய நான்கு ரக்அத் தொழுகையை, ஊர் திரும்பிய பிறகும் ஹனஃபிகள் இரண்டு ரக்அத்தாகவே களாச் செய்ய வேண்டும். ஆகவே லுஹர், அஸர், இஷா இவ்விரண்டு, மஃரிபு மூன்று, சுப்ஹு இரண்டு. ஹனஃபிகள் அந்த இஷாவுடன் வித்ரையும் மூன்று ரக்அத்தாகத் தொழுதுகொள்ள வேண்டும். கூட்டத்திலிருந்த ஷாஃபிஈ நண்பர் ஊரில் வைத்துக் களாச் செய்வதானால் லுஹர், அஸர், இஷாவை நான்காகவே தொழ வேண்டும்.