எண்ணும் தாளில் இல்லாத கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கட்டுரை கிடைத்தது. இருபத்துநாலு பக்கத்தையும் இரண்டு நாள் வைத்துப் படித்தேன். இதைச் சாலைப் போக்குவரத்து ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பிள்ளைகள் எழுதியிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். நீ தப்பாக நினைக்க மாட்டாய்.

இப்போது அனுப்ப வேண்டாம். கட்டுரை மோசம் என்பதால் சொல்லவில்லை. உன் கட்டுரை இன்னும் எழுதப்படவே இல்லை என்பதால் சொல்கிறேன். அது பதினேழாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் கிடக்கிறது. ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் வாகனக் கணக்கு எடுத்ததைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாய்: காலை 5.45 முதல் 7 மணி வரை தெருவில் பாவு நீட்டியிருந்ததால் அந்த நேரத்துக் கணக்கு எடுக்கப்படவில்லை. அதோடு விட்டுவிட்டாய். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகத்தான் ஓர் இதழாசிரியர் உன் கட்டுரையைக் கையில் எடுப்பார். மீதி இருபத்துமூன்று பக்கத்தை அவர் பத்து ஊரின் பெயரில் ஏற்கெனவே படித்திருப்பார்.

நீ நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை உனக்குப் புதிதில்லை, அதனால்தான் அது உன் கண்ணில் படவில்லை. எனக்கு அது புதிது. ஒரு விடியற்காலை உங்கள் ஊர்ப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். மூன்று சேலைக்கான பாவு என்றாலே பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளும். எந்த வீட்டுக்குள்ளும் அதை விரிக்க முடியாது. தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, சிக்கெடுத்து, வெயில் ஏறும் முன் சுருட்டியாக வேண்டும். ஆணும் பெண்ணுமாக இரண்டு பக்கமும் நின்று, அறுந்த இழையை விரல் நுனியில் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே நகர்கிறார்கள். அப்போது ஒரு பால்காரர் வந்தார். பாவைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார், இறங்கினார், கேன்கள் இழையில் உரசாமல் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், தெரு முடிந்ததும் உதைத்துக் கிளப்பினார். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வந்த கார்க்காரர் மட்டும் ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தார்.

அதை எண்ணு. எத்தனை பேர் இறங்கித் தள்ளினார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் அடுத்த தெரு வழியாகச் சுற்றினார்கள், சுற்றியவர்களுக்கு எத்தனை மீட்டர் கூடுதலானது? நாலு கேள்விதான். நாலுக்கும் நேர்மையான எண் இருந்தால் கட்டுரை தயார்.

உன் தாளில் அதற்குக் கட்டம் இல்லை என்பாய். தெரியும். கார், இருசக்கரம், ஆட்டோ, பஸ், லாரி, சைக்கிள் என்று அச்சடித்த தாளோடு போனாய். அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பார்த்தாயா? நகரச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. 106 என்ற வழிகாட்டியை இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 1990-ல் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு வாகனமும் எத்தனை காருக்குச் சமம் என்று ஓர் அட்டவணை உண்டு. போக்குவரத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பஸ்ஸுக்கும் லாரிக்கும் 3.7, சைக்கிளுக்கு 0.5, கைவண்டிக்கு 3.0. கைவண்டி ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் இடத்தைப் பிடிக்கிறது. வெளிநாட்டுக் கையேட்டிலிருந்து இந்த வரி வந்திருக்காது. நம் ஊர் ரோட்டோரம் நின்று எண்ணியவர்கள் எழுதினார்கள், எழுதியது விவாதிக்கப்பட்டது, அட்டவணையில் ஒரு வரி கூடியது. ஆய்விதழ்க் கட்டுரை என்பதன் வேலையே இதுதான்: நாளைக்கு இன்னொருவர் எடுத்துப் போகும் தாளில் ஒரு கட்டம் கூட்டுவது.

அப்படிக் கட்டம் கூட்டிய ஒருவரைச் சொல்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வேதியியல் வாத்தியார். சாலைப் பொறியாளர் இல்லை. சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் கழிவைத் தூவினால் அது உருகிப் படிந்து தாரோடு பிடிப்பாகிறது என்று கண்டு, கல்லூரி வளாகத்திலேயே முதலில் ரோடு போட்டுப் பார்த்தார். அந்த முறைக்கு 2013-ல் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 98 என்று தனி வழிகாட்டியே வந்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு விருதைவிட அந்த 98 என்ற எண்தான் பெரிது. ஒரு ஜூனியர் இன்ஜினியர் எஸ்டிமேட்டில் அந்த எண்ணைப் போட்டு வேலையைத் தொடங்கலாம்.

எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சரக்குப் போக்குவரத்தை டன்னில் கணக்கிட்டிருக்கிறாய். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆரணி பட்டு ஊரும்தான், அரிசி ஊரும்தான். களம்பூர்ப் பக்கமிருந்து வரும் ஓர் அரிசி லாரியின் முன்னால் உங்கள் தெருவின் மாத உற்பத்தி முழுவதும் காணாமல் போய்விடும். ஒரு பட்டுச் சேலை ஒரு கிலோகூட வராது. அதை ஒருவர் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார், அல்லது டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் காலுக்கு நடுவே வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு மாஸ்டர் நெசவாளர் வீட்டுக்குப் போகிறார். திரும்பும்போது அதே இடத்தில் புதுப் பாவும் குறுக்கே ஓட்டும் ஊடைப் பட்டும் ஜரிகையும் இருக்கும். உன் கணக்கில் அவர் வெறும் இருசக்கர வாகனம், உன் அட்டவணையில் பயணி. உண்மையில் அவர்தான் ஆரணியின் சரக்கு வண்டி. ஒண்ணுபுரத்திலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும் அப்படி வருகிறவர்களை, வண்டியில் என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வி கேட்டு ஒரு வாரம் குறித்துக்கொண்டால், உங்கள் ஊரில் பயணத்துக்கும் சரக்குக்கும் நடுவே கோடு போட முடியாது என்று காட்டிவிடலாம்.

ரயிலைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய். எடுத்துவிடு. ஆரணி ரோடு என்ற ஸ்டேஷன் ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போல தள்ளிக் களம்பூரில் இருப்பதும், 2006-07-ல் அனுமதிக்கப்பட்ட திண்டிவனம்–நகரி பாதை வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாக வரவேண்டியதும் எல்லோருக்கும் தெரியும். வந்தால் ஊர் வளரும் என்று எழுதுவது விருப்பம், ஆய்வு ஆகாது. ஆனால் அந்தப் பாதை உனக்கு வேறொரு வாய்ப்பைத் தருகிறது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கு முந்தைய நிலையை யாராலும் போய் எண்ண முடியாது. காட்பாடி–விழுப்புரம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் களம்பூரில் எத்தனை பேர் எதற்காக இறங்கினார்கள் என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பாய்? பட்டு நூல் இன்று எந்தப் பார்சல் வண்டியில் வருகிறது, எத்தனை மணி நேரம் ஆகிறது, கிலோவுக்கு என்ன செலவு, சேலை எடுத்துக்கொண்டு சென்னை போகிறவர் செய்யாறு வழியா ஆற்காடு வழியா போகிறார் என்பதை எடுத்துத் தேதி போட்டு அச்சில் ஏற்றிவிடு. பத்து வருஷம் கழித்து எவரோ ஒருவர் உன் கட்டுரையைத் தேடி எடுப்பார்.

எந்த இதழ் என்று கேட்டாய். எழுதுவதற்கு முன் அந்த இதழின் நாலு பிரதிகளைக் கையில் எடுத்துப் படி. இந்திய சாலைக் காங்கிரஸ் 1934-ல் தொடங்கியது. அவர்கள் 1973 முதல் நடத்தும் 'இந்தியன் ஹைவேஸ்' மாத இதழைப் புத்தகம் படித்த பேராசிரியரும் படிப்பார், தார் போடும் இடத்தில் நிற்கிற இன்ஜினியரும் படிப்பார். பஸ் இயக்கத்தைப் பற்றியதென்றால் புனே மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் இதழைப் பார். வாஷிங்டனில் இருக்கும் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் பல பத்தாண்டுகளாக வெளியிட்ட 'டி.ஆர். நியூஸ்' போன்றவை இன்னொரு வகை: சூத்திரம் குறைவு, படம் அதிகம், என்ன செய்தார்கள், என்ன நடந்தது, வேறு ஊர்க்காரர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே கேள்வி. உன் பாவுத் தெரு அந்த வகைக்குச் சரியாகப் பொருந்தும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே. ஒருவர் பதில் சொல்லும் வரை பொறு.

மூன்றே நாளில் போடுகிறோம், பணம் கட்டு என்று மெயில் வரும். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து ஒரே தடவையில் 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றில் எழுதியவர்களில் நல்ல உழைப்பாளிகளும் இருந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அந்தப் பக்கமே போகாதே.

என் முதல் கட்டுரை திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன், உனக்கு உதவும். ஒரு சாலைச் சந்திப்பில் ஒரு நாள் முழுக்க நின்று எண்ணி, அந்த ஊரின் சராசரி என்று எழுதி அனுப்பினேன். மதிப்பீட்டாளர் ஒரே வரி கேட்டிருந்தார்: என்ன கிழமை, என்ன மாதம்? பார்த்தால் ஆடி வெள்ளி. அம்மன் கோயிலுக்குப் போன கூட்டத்தைத்தான் ஊரின் தினசரிப் போக்குவரத்து என்று எழுதியிருந்தேன். வெட்கத்தில் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே படவேடு இருக்கிறது, ஆடி வெள்ளிகளில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை பஸ்கள் வேறு. முகூர்த்த மாதத்துக்கு முன்னால் தறிகள் மும்முரமாக ஓடும், அப்போது பாவு நீட்டுகிற நாட்களும் கூடும். ஆகவே தேதி, கிழமை, மழை, கோயில், முகூர்த்தம் எல்லாம் அட்டவணையின் கீழே வரட்டும். எண்ணாத நேரத்தையும் எழுது. நீ அடிக்குறிப்பில் எழுதியிருந்ததால்தானே எனக்கே தெரிந்தது.

எழுதும்போது முதல் பத்தியிலேயே கண்டதைச் சொல்லிவிடு. உலகமயமாக்கல், நகரமயமாக்கல் என்று தொடங்காதே. படிக்கிறவருக்கு நேரம் இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலீஷில்தான் எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை. முதலில் உன் அப்பாவிடம் சொல்வது போலத் தமிழில் ஒரு பக்கம் எழுது. அங்கே தடுமாறினால் இங்கிலீஷில் பெரிய வார்த்தை போட்டு மூடத்தான் தோன்றும். பாவு, ஊடை என்ற சொற்களை அப்படியே வை, ஒரு வரியில் விளக்கு.

ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்கிறேன். பாவை நீ 'தடை' என்று எழுதியிருக்கிறாய். இன்னோர் இடத்தில் 'ஆக்கிரமிப்பு'. அந்தச் சொல் நகராட்சிக் கோப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். அளக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லும் வார்த்தை அது. தெருவை நெசவுக்காரர் ஒரு மணி நேரமும் வண்டிக்காரர் மீதி நேரமும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் நீ பார்த்தது. பார்த்ததை எழுது. படம் எடுக்கும் முன் பாவில் நிற்கிறவர்களிடம் கேள். முகமும் வீட்டு எண்ணும் வேண்டாம். எண்கள் முடிந்ததும் அனுப்புவதற்கு முன் அவர்களிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டு. நீ விட்டதை அவர்கள் சொல்வார்கள்.

இருபத்துநாலு பக்கத்தை எட்டாக்கு. அடுத்த பாவு எந்தத் தெருவில், என்றைக்கு என்று முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் போடு. முதல் பஸ்ஸில் வந்தால் நேரமாகிவிடும், அதனால் ராத்திரியே வந்து தங்கிக்கொள்கிறேன். தெருவின் கிழக்கு முனையில் நீ நில், மேற்கு முனையில் நான் நிற்கிறேன். அளக்கும் டேப்பும் இரண்டு கடிகாரமும் கொண்டுவருகிறேன். புதுத் தாளில் கட்டங்களை நீயே போட்டு வை.

அன்புடன்,
உன் அண்ணன்