அடக்கி வைத்த இருமல்



2020-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. பஸ் கிடையாது. தெருவில் ஒருவர் இருமினால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்த காலம். "இருமினா கொரோனான்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று பயந்து, முந்தானைக்குள் இருமலை அடக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

அப்படி அடக்கிய இருமலில் காசநோயும் இருந்தது. 2019-இல் நம் நாட்டில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-இல் சுமார் 18 லட்சம் பேர்தான். நோய் குறைந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். நோயாளிகள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். சளி பார்க்கும் கருவிகளும் ஊழியர்களும் கொரோனா வேலைக்குப் போனதும் ஒரு காரணம். பல ஆண்டுகளாகக் குறைந்துவந்த காசநோய்ச் சாவு, உலக அளவில் அந்த ஆண்டு மறுபடி ஏறியது.

கதவடைத்த வீட்டில் தாத்தா இருமுகிறார். பக்கத்தில் பேரக்குழந்தை படுத்திருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் இந்தக் கிருமி பரவுவது எளிது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது மூளை உறை வரை போகக்கூடும்.

இன்னொரு விஷயம். "கொரோனா இல்லை" என்று சீட்டு வந்தவுடன் பலர் நிம்மதியாகிவிட்டார்கள். அந்தச் சோதனை காசநோயைக் காட்டாது! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை தனியாகச் செய்ய வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம்.

தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்று 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான் உலகத்துக்கே காட்டியது.

சாதாரணமாகச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்திலேயே உடம்பு தேறிவிடும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?" என் வேலைக்காலம் முழுதும் கேட்டுச் சலித்த கேள்வி இது! நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். பிறகு சிகிச்சை இன்னும் கடினம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பதறாதீர்கள், அது மாத்திரையின் நிறம்.

மறுபடி ஊரடங்கோ, வெள்ளமோ, புதுக் காய்ச்சலோ வந்தால், மாத்திரை ஒரு வாரத்துக்கு மீதி இருக்கும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். நோயாளியால் வர முடியாவிட்டால் சிகிச்சை அட்டையுடன் வீட்டார் ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணைப் பதிவு செய்துவிட்டார்களா என்று அப்போதே விசாரியுங்கள்.